லிஃப்ட் போட்ட ஜிம்னி அலைபாய்கிறது, உள்ளே உட்கார முடியவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

ஜிம்னி வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இதுதான். ஐந்து கதவு மாருதி ஜிம்னி, மேனுவல். நான்கு மாதத்துக்கு முன், வண்டியை 40 மி.மீ. உயர்த்தும் லிஃப்ட் ஸ்பிரிங் போட்டிருக்கிறார். ஷாக் அப்சார்பர் கம்பெனியில் வந்ததேதான். டயர் 215/75 ஆர் 15, ஆல் டெரெய்ன் (ரோடு, மண் இரண்டுக்குமானது). இப்போது வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கம் ‘டங்’ என்று சத்தம். பைபாஸில் 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ஒரு இடத்தில் நிற்பதில்லை, திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வால்பாறை ஏறும்போது பின் சீட்டில் இருந்த அம்மாவுக்கு வாந்தி. கடையில் கேட்டால், “லிஃப்ட் போட்டா அப்படித்தான் சார், நல்ல ஷாக் போட்டா சரியாயிடும்” என்கிறார்கள். நாற்பதாயிரம் போட்டு ஷாக் மாற்றலாமா?

இப்போதே வேண்டாம். ஷாக் மாற்ற வேண்டி வரலாம், ஆனால் அது வரிசையில் நான்காவது வேலை. முதல் மூன்றுக்கு மொத்தமாகவே ஆயிரம் ரூபாய் தாண்டாது.

முதலில் வண்டிக்கு அடியில் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதாவது இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே தண்டு. ஒவ்வொரு ஆக்சிலையும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருப்பவை நீளவாக்கில் இரண்டு கைகள், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே சாய்வாக ஒரு பேன்ஹார்ட் ராட். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, அவ்வளவுதான். ஆக்சில் எங்கே நிற்கவேண்டும், எந்தச் சாய்வில் நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்பவை இந்தக் கைகளும் ராடும். நீங்கள் சேசிஸை 40 மி.மீ. மேலே தூக்கினீர்கள், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆக, இரண்டையும் இணைக்கும் எல்லாவற்றின் சாய்வும் மாறிவிட்டது. உங்கள் மூன்று புகாரில் பைபாஸ் அலைச்சல் இதிலிருந்து வருவது. சாய்வை விட்டுவிட்டு எவ்வளவு விலைக்கு ஷாக் வாங்கினாலும் அலைபாய்வது நிற்காது.

சரி, டயர் காற்றிலிருந்து தொடங்குவோம். சொன்னால் சப்பென்று இருக்கும், ஆனால் என்னிடம் வரும் லிஃப்ட் வண்டிகளில் பாதிக்கு மேல் இதிலேயே பாதி சரியாகிவிடும். ஜிம்னி 1,200 கிலோவை ஒட்டிய வண்டி. அதற்கு எல்லாப் பங்க்சர் கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு 35 அடித்துவிடுகிறார்கள். ஆல் டெரெய்ன் டயரின் பக்கச் சுவர் ஏற்கெனவே கெட்டி. எல்.டி. (லைட் டிரக்) வகை என்று போட்டிருந்தால் இன்னும் கெட்டி. அது இரண்டு டன் வண்டியை மனதில் வைத்துச் செய்தது. அதில் 35 பி.எஸ்.ஐ. அடித்தால் மாட்டு வண்டிச் சக்கரம்தான். ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது, அந்த அளவை முதலில் வையுங்கள். எல்.டி. டயர் என்றால் அதற்கு மேல் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளலாம். பிறகு ஒரு சுண்ணாம்புக்கட்டி எடுத்து டயரின் குறுக்கே பட்டையாகக் கோடு போட்டு, நேரான ரோட்டில் நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அழிந்து நடு நின்றிருந்தால் குறைவு. காலையில் டயர் சூடாகும் முன் அளக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்தது அளப்பது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையமான ஹப்பின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் (மட்கார்டு) விளிம்பு வரை நான்கு சக்கரத்திலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தவரின் லிஃப்ட் போடாத ஜிம்னி ஒன்றிலும் அதே அளவை எடுங்கள். ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், ‘40 மி.மீ.’ என்று பெட்டியில் போட்டிருக்கும் ஸ்பிரிங் பெரும்பாலும் இரும்பு பம்பர், வின்ச், பின்னால் சாமான் எல்லாம் ஏற்றிய வண்டியில்தான் நாற்பது தூக்கும். காலி வண்டியில் அதே ஸ்பிரிங் அறுபது தூக்கி நிற்கும். அறுபது என்று வந்தால் உங்கள் பிரச்சினையின் பெயர் லிஃப்ட் அல்ல, தவறான ஸ்பிரிங். அப்போது ஷாக்குக்கு வைத்திருக்கும் பணத்தில் அதே கம்பெனியின் குறைந்த எடைக்கான ஸ்பிரிங்கை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கெட்டி ஸ்பிரிங் என்ன செய்யும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வண்டியின் எடையால் ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்கி நிற்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று கிடைக்கும். 150 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங்கில் 1.3 முறை. 100 மட்டுமே அமுங்கும் கெட்டி ஸ்பிரிங்கில் 1.6. எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் முதலாவது சொகுசுக் காரின் ஆட்டம், இரண்டாவது சரக்கு வேனின் பக்கம் சாய்வது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கம்பெனி ஸ்பிரிங்குக்கு மேலே 30 மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்) வைப்பதைப் பலர் ஏளனமாகப் பேசுவார்கள்; காலி வண்டி ஓட்டுகிறவருக்கு அதுதான் மென்மையாக இருக்கும். ஸ்பிரிங்கின் கெட்டித்தனம் மாறவே இல்லையே.

இனி மூன்றாவது வேலை. இதைத்தான் நான் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் இதில் நானே அடிபட்டிருக்கிறேன்.

ஆக்சில் கைகளின் முனைகளில் ரப்பர் புஷ் இருக்கிறது. ஜிம்னியின் முன் கை ஒவ்வொன்றிலும் மூன்று: ஆக்சில் பக்கம் இரண்டு, சேசிஸ் பக்கம் ஒன்று. இந்தப் புஷ் பேரிங் மாதிரி சுற்றாது. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை முறுக்கினால் உள் குழாய் பிராக்கெட்டோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் கை மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டு நெகிழ்வதால்தான். ஆகவே எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை.

கடையில் என்ன செய்கிறார்கள்? தூக்கு மேடையில் வண்டியை ஏற்றுவார்கள், ஆக்சில் கீழே தொங்கும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதை வைப்பார்கள், கழற்றிய போல்ட்டையெல்லாம் தொங்கின நிலையிலேயே ஏர் கன் வைத்து இறுக்கிவிடுவார்கள். வண்டி தரைக்கு வந்ததும் ஒவ்வொரு புஷ்ஷும் நாள் முழுக்க முறுக்கின நிலையில் நிற்கும். ஈரத் துணியைப் பிழிந்து அப்படியே பிடித்திருப்பது போல. வண்டி தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கும், சின்னப் பள்ளத்துக்கும் விறைப்பாகக் குதிக்கும், ஒரு வருடத்தில் ரப்பர் கிழியும். போல்ட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங்கை நுழைத்திருந்தாலும் ரப்பர் முறுக்கின நிலையில்தான் நிற்கும், பழைய உயரத்துக்கு இறுக்கியது 40 மி.மீ. தள்ளி நிற்கிறது.

என் முதல் வண்டியில் இது தெரியாமல் ஷாக்கை இரண்டு முறை மாற்றினேன். கடைசியில் பழைய லாரி மெக்கானிக் ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “எல்லா நட்டையும் கொஞ்சம் லூஸ் பண்ணுப்பா” என்றார். அவர் முதல் நட்டைத் தளர்த்தியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், புஷ்ஷின் உள் குழாய் தானே சுழன்று வந்து நின்றது. ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு ‘டக்’. வண்டியின் முன்பக்கம் என் கண் முன்னாலேயே அரை அங்குலம் இறங்கியது. அன்று மாலை வீட்டுக்கு ஓட்டிப்போனது வேறு வண்டி.

நீங்கள் செய்யவேண்டியது: வண்டியைக் குழி உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள், சக்கரம் தரையில் இருக்கவேண்டும், எடை சக்கரத்தில் இருக்கவேண்டும். முன் கை, பின் கை, இரண்டு பேன்ஹார்ட் ராட், ஷாக்கின் கீழ் முனை, இவற்றின் நட்டுகளைத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்றவேண்டாம். பம்பரைப் பிடித்து வண்டியை நாலைந்து முறை அமுக்கி ஆட்டி விடுங்கள். அப்புறம் கம்பெனி சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்), டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். ஒரு மணி நேர வேலை. வழக்கமாக நான்கு பேரோடு சாமானோடு போகிறவர் என்றால் அந்த எடையை ஏற்றிவைத்து இறுக்குவது இன்னும் நல்லது.

இது மூன்றும் முடிந்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு ‘டங்’ சத்தத்தைக் கவனியுங்கள். எப்போது வருகிறது என்பது முக்கியம். வேகத்தடையின் மேல் ஏறும்போதோ, குதித்து விழும்போதோ ‘டம்’ என்று மந்தமாக வந்தால் பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஆக்சில் மேலே முட்டாமல் தடுக்கும் ரப்பர் கட்டையில் இடிக்கிறது. ஏறி முடித்து, சக்கரம் அந்தப் பக்கம் கீழே விழும் நேரத்தில் ‘டங்’ என்று இரும்புச் சத்தம் வந்தால் ஷாக் முழுதாக நீண்டு, அதற்கு மேல் நீள இடமில்லாமல் அடிக்கிறது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான். ஸ்பிரிங் 40 மி.மீ. தூக்கியது, ஷாக்கின் நீளம் பழையது. முன்பு சக்கரம் கீழே தொங்க 90 மி.மீ. இடம் இருந்தது என்று வைத்துக்கொண்டால் இப்போது 50தான். இங்கே கடைக்காரர் சொன்னது பாதி சரி. ஷாக் மாற்றவேண்டும், ஆனால் ‘நல்ல’ ஷாக் என்பதைவிட ‘நீளமான’ ஷாக் என்று கேளுங்கள். நீளமான ஷாக் சுருங்கும்போதும் கொஞ்சம் முன்னதாகவே முட்டும் என்பதால், பம்ப் ஸ்டாப்பையும் அதற்கேற்ப நீட்டவேண்டும். இல்லாவிட்டால் ஷாக்கின் உள்ளேயே பிஸ்டன் அடி வாங்கி ஆறு மாதத்தில் ஆயில் கசியும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கம்பெனி ஜோடியாக இருந்தால் நல்லது. ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியானால் ஷாக்கின் பிடிப்பு 10 சதவீதம் போலக் கூடினால் போதும். பலர் விலை உயர்ந்ததை வாங்கி, அட்ஜஸ்ட்மென்டை முழு ‘ஹார்டில்’ வைத்து, அதுதான் கன்ட்ரோல் என்று நம்பிக்கொண்டு இடுப்பு வலியோடு சுற்றுகிறார்கள். திருகு இருக்கும் ஷாக் என்றால் முழு மென்மையில் தொடங்கி, வேகத்தடை தாண்டியபின் வண்டி ஒரே ஆட்டத்தில் அடங்கும் வரை மட்டும் ஏற்றுங்கள்.

இப்போது பைபாஸ் அலைச்சல். இதற்குக் காரணம் அநேகமாகக் கேஸ்டர் கோணம். சைக்கிள் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு அதன் முன் ஃபோர்க் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். காரில் சக்கரம் திரும்பும் அச்சுக்கும் அதே சாய்வு உண்டு. ஜிம்னியின் முன் கைகள் ஆக்சிலிலிருந்து பின்னோக்கிப் போய்ச் சேசிஸில் மாட்டியிருக்கின்றன. சேசிஸ் மேலே போனதும் கையின் பின் முனை உயர்கிறது, ஆக்சில் முன்பக்கமாக உருள்கிறது, சாய்வு குறைகிறது. எவ்வளவு என்று வீட்டிலேயே கணக்குப் போடலாம்: லிஃப்ட் உயரத்தைக் கையின் நீளத்தால் வகுத்து 57-ஆல் பெருக்குங்கள். கை 700 மி.மீ., லிஃப்ட் 40 என்றால் மூன்று டிகிரிக்கு மேல் போய்விட்டது. கேஸ்டரே சில டிகிரிதான் இருக்கும் விஷயம், அதில் மூன்று போனால் மிச்சம் என்ன? ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் தானே நேருக்கு வராது, லாரி தாண்டும் காற்றுக்கே வண்டி நகரும்.

வீல் அலைன்மென்ட் கடையில், “இந்த வண்டிக்குக் கேஸ்டர் அட்ஜஸ்ட்மென்ட் இல்ல சார்” என்று சொல்லி டோ (முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) மட்டும் வைத்து அனுப்புவார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், கம்பெனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ஆனாலும் மெஷினில் கேஸ்டரைப் படித்துப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். குறைந்திருந்தால், ஓட்டை நடுவில் இல்லாமல் தள்ளிப்போட்ட கேஸ்டர் புஷ்தான் மலிவான வழி. ஆக்சில் பக்கத்து நான்கு புஷ்ஷையும் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து இதை ஏற்றவேண்டும். இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். ஒன்று, புஷ்ஷில் திசைக் குறி இருக்கும். ஒன்றைத் திருப்பி வைத்தால்கூட வேலை கெட்டது. இரண்டு, ரப்பரில் கிடைத்தால் ரப்பரே வாங்குங்கள். பாலியூரித்தேன் கெட்டி, இந்தக் கைகள் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போது புஷ்ஷையே முறுக்கி இடம் கொடுப்பவை. அந்த நெகிழ்வை எடுத்துவிட்டால் மறுபடியும் வண்டி விறைக்கும். இன்னொரு வழி, கையின் சேசிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட். அதில் கையே பழைய சாய்வுக்கு வந்துவிடுவதால் ஓட்டம் இன்னும் மென்மை, ஆனால் பிராக்கெட் பாறையில் இடிக்கும். பாறை ஏறுகிற வண்டியா, பைபாஸ் ஓடுகிற வண்டியா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

பேன்ஹார்ட் ராடைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். வண்டி உயர்ந்தால் ஆக்சில் பக்கவாட்டில் நகரும் என்பது சரிதான். ஆனால் ராட் 850 மி.மீ. நீளம், லிஃப்ட் 40 என்று போட்டுப் பாருங்கள், நகர்வது இரண்டு முதல் நான்கு மி.மீ. சந்தேகம் இருந்தால் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி ஃபெண்டரிலிருந்து தொங்கவிட்டு இரு பக்கமும் டயர் வரை அளந்து பாருங்கள். இந்த உயரத்துக்கு அட்ஜஸ்டபிள் ராட் வாங்குவது வீண் செலவு. ஒரு ஆபத்து மட்டும் உண்டு: ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான டிராக் லிங்க்கும் முன் பேன்ஹார்ட் ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். யாராவது ராடின் ஒரு முனையை மட்டும் பிராக்கெட் வைத்து இறக்கிவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் கையில் தானே திரும்பும்.

ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறதா? டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றித்தான் நேராக்கவேண்டும். வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் விடாதீர்கள். ஜிம்னியில் ஈ.எஸ்.பி. இருக்கிறது, வண்டி வழுக்கினால் தானே பிரேக் பிடித்து நேராக்கும் அமைப்பு. ஸ்டியரிங் கோணத்தைச் சென்சார் படிக்கிறது. வண்டி நேராகப் போகும்போது வீல் திரும்பியிருப்பதாக அதற்குத் தெரிந்தால், கம்ப்யூட்டர் தேவையில்லாத நேரத்தில் பிரேக்கைத் தொடும்.

அம்மாவின் வாந்திக்கு வருவோம். அது விறைப்பால் வருவதல்ல, வளைவில் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக எழுவதால் வருவது. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி என்றால் நாற்பது முறை. லிஃப்டில் எடையின் மையம் 40 மி.மீ. ஏறியது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது பேன்ஹார்ட் ராடின் நடு உயரத்தை ஒட்டி இருக்கும். ராடின் சேசிஸ் முனை மட்டுமே ஏறியதால் அந்தப் புள்ளி 20தான் ஏறியது. மிச்ச 20 மி.மீ. சாய்க்கும் நெம்புகோலில் சேர்ந்துகொண்டது. அது பெரிதல்ல. பெரிது என்ன தெரியுமா, ரூஃப் ரேக்கும் அதன் மேல் கட்டும் சாமானும். மலைக்குப் போகும்போது கேன், கூடாரம், இரண்டாவது ஸ்டெப்னி என்று மேலே ஏற்றுவதை நிறுத்தினாலே சாய்வு குறையும். வளைவில் சாய்வதைக் குறைக்கும் முன் ஸ்டெபிலைசர் பார் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஃப் ரோடுக்காகக் கழற்றிவைத்துவிட்டு மறுபடி மாட்ட மறந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் சாய்வு உறுத்தினால், சரியான நீள ஷாக் வரும்போது அது கொஞ்சம் அடங்கும். வீல் ஸ்பேசர் போட்டு அகலப்படுத்துகிறேன் என்று போகாதீர்கள். சக்கரம் வெளியே தள்ளினால் பள்ளத்தின் உதை நேராக ஸ்டியரிங்குக்கு வரும், பேரிங்கும் தேயும்.

70, 80-ல் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்கினால் அது வேறு நோய். முதலில் பேலன்சிங், பிறகு டை ராட் எண்ட் (ஸ்டியரிங் தண்டுகளின் மூட்டு), பேன்ஹார்ட் புஷ், கடைசியில் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் பேரிங்கின் இறுக்கம். ஸ்டியரிங்கின் நடுக்கத்தை அடக்கும் டேம்பரை மட்டும் கனமாக மாற்றுவது காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது போல.

சொல்லாமல் விடக்கூடாத சில: ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோசும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். எதிரே வருகிறவர் திட்டுவது நமக்குக் கேட்காது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் அடியில் எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. பயமுறுத்தவில்லை, தெரிந்து செய்யுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காற்றையும் ஃபெண்டர் உயரத்தையும் முடித்துவிடுங்கள். நான்கு எண்ணையும் எழுதி அனுப்புங்கள், முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று வரிசையாக. கூடவே அலைன்மென்ட் பிரிண்ட். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்று அதையும் பார்க்கவேண்டும். சில ஸ்பிரிங்கின் ஸ்டிக்கரில் ஆர் (வலது), எல் (இடது) என்று எழுதியிருக்கும், மண் ஒட்டியிருந்தால் துடைத்துப் பாருங்கள்.